பாக்டீரியா ஜீனோமில் வெளியிலிருந்து வந்த மரபணுத் தீவுகளைக் கண்டுபிடிப்பது எப்படி: ஈ.கோலை ஓ157 வழியாக ஒரு செயல்முறை

1996 ஜூலையில் ஜப்பானின் சகாய் நகரத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட ஆயிரக்கணக்கான குழந்தைகள் ரத்தக் கழிச்சலால் பாதிக்கப்பட்டார்கள். அதற்குக் காரணமான ஈ.கோலை ஓ157:எச்7 திரிபின் முழு ஜீனோம், அதாவது அதன் டிஎன்ஏ வரிசை முழுவதும், 2001இல் வெளியானது. குரோமோசோமின் நீளம் சுமார் 55 லட்சம் எழுத்துகள் (ஏ, டி, ஜி, சி என்ற டிஎன்ஏ எழுத்துகள்). ஆய்வகங்களில் பல ஆண்டுகளாகப் பாதிப்பில்லாமல் வளர்க்கப்படும் கே-12 திரிபுக்கோ 46 லட்சம்தான். இரண்டையும் அருகருகே வைத்தால் 41 லட்சம் எழுத்துகள் பொதுவாக இருக்கின்றன. மீதி 14 லட்சம் எழுத்துகள் சகாய் திரிபில் மட்டும் உள்ளவை, அவற்றில் பெரும்பகுதி வேறு எங்கிருந்தோ வந்து சேர்ந்தவை. அந்தக் குழந்தைகளைச் சாய்த்த நச்சின் ஜீன்களும் அந்த 14 லட்சத்துக்குள்தான் இருக்கின்றன.

தாயிடமிருந்து மகளுக்கு இறங்காமல், பக்கத்து உயிரியிடமிருந்து வைரஸ் வழியாகவோ பிளாஸ்மிட் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையம்) வழியாகவோ பாக்டீரியா ஜீன்களைப் பெறுவதைக் கிடைமட்ட மரபணு மாற்றம் என்கிறோம். அப்படிக் கூட்டமாக வந்து குரோமோசோமில் உட்கார்ந்த பகுதி மரபணுத் தீவு. நோயுண்டாக்கும் ஜீன்களைச் சுமக்கும் தீவுகளைத்தான் முதலில் கவனித்தார்கள். ஜெர்மனியில் ஜோர்க் ஹாக்கரின் குழு சிறுநீர்த் தொற்று ஈ.கோலைகளில் இதைத் தொடங்கி வைத்தது.

நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் முதுநிலை மாணவர்களையும், கையில் ஒரு ஜீனோம் கிடைத்து எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களையும் நினைத்து இதை எழுதுகிறேன். சகாய் திரிபையே பயிற்சிப் பொருளாக எடுத்துக்கொள்வோம். விடை ஏற்கெனவே தெரிந்த ஜீனோமில் பழகினால்தான், உங்கள் முறை எதைப் பிடிக்கிறது, எதைத் தவறவிடுகிறது என்பது தெரியும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். தீவைக் காட்டும் ஒற்றைக் கருவி கிடையாது. எழுத்துகளின் அமைப்பு, அடையாள ஜீன்கள், உறவினர்களோடு ஒப்பீடு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சாராத சாட்சிகள். இவற்றில் குறைந்தது இரண்டாவது ஒத்துப்போகாத எதையும் தீவு என்று எழுதாதீர்கள்.

தொடங்கும் முன்

8 ஜிபி நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினி போதும். லினக்ஸ் இருந்தால் நல்லது. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அதற்குள்ளேயே டபிள்யூஎஸ்எல் வழியாக உபுண்டுவை நிறுவிக்கொள்ளலாம். மென்பொருள்களைக் கோண்டா என்ற நிறுவல் கருவியில், பயோகோண்டா சேனலிலிருந்து நிறுவுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சூழல் உருவாக்கினால் பதிப்புச் சண்டைகள் வராது. கட்டளை வரியே வேண்டாம் என்றால் கேலக்ஸி பொதுச் சேவையகத்தில் பெரும்பாலான வேலைகளை உலாவியிலேயே செய்யலாம். பைத்தானும் பயோபைத்தானும் கொஞ்சம் தெரிந்திருந்தால் மூன்றாம் படி மிகவும் சுலபமாகிவிடும்.

படி 1: ஜீனோமைத் தேர்ந்தெடுப்பது

அமெரிக்க அரசின் மரபணுத் தரவுத்தளமான என்சிபிஐ தளத்தில் 'முழுமையான ஜீனோம்' என்று குறிக்கப்பட்ட பதிவுகளை மட்டும் எடுங்கள். நமக்குச் சகாய் திரிபும் கே-12 எம்ஜி1655 திரிபும் வேண்டும். எழுத்துகள் மட்டும் உள்ள ஃபாஸ்டா கோப்பு, ஜீன்களின் விவரங்களோடு கூடிய ஜென்பேங்க் கோப்பு இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

முழுமையான ஜீனோம் என்று நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. தீவுகளின் ஓரங்களில்தான் ஒரே மாதிரியான வரிசைகள் திரும்பத் திரும்ப வரும். வரிசைப்படுத்தும் கருவி ஒரு தடவையில் படிக்கும் 150 எழுத்து நீளமுள்ள குறும் வாசிப்புகளால் அவற்றைத் தாண்ட முடியாது. அந்த இடங்களில் ஜீனோம் துண்டுதுண்டாக உடைந்துவிடும். சகாய் திரிபில் இந்தச் சிக்கல் உச்சத்தில் இருக்கிறது. அதில் 18 ப்ரோஃபேஜ்கள், அதாவது குரோமோசோமில் குடியேறிய வைரஸ்கள், இருக்கின்றன. அவற்றில் பலவும் லாம்டா என்ற வைரஸின் வகையைச் சேர்ந்தவை, பெரும்பகுதி ஒன்றுபோலவே இருப்பவை. குறும் வாசிப்புகளை வைத்து இந்த ஜீனோமைக் கோர்த்தால் பல ப்ரோஃபேஜ்கள் ஒன்றின்மேல் ஒன்றாக மடிந்து, ஒன்றிரண்டு போலத் தெரியும். உங்கள் சொந்தத் திரிபை வரிசைப்படுத்தப் போகிறீர்கள், பணமும் இருக்கிறது என்றால், நானோபோர் அல்லது பாக்பயோ நீள்வாசிப்புக்குச் செலவழியுங்கள். வேறு எந்தச் செலவும் இவ்வளவு பயன் தராது.

பிளாஸ்மிட்களைத் தனியாக எடுத்து வையுங்கள். சகாயில் சுமார் 92 ஆயிரம் எழுத்துள்ள பிஓ157 என்ற பிளாஸ்மிடும், 3,300 எழுத்துள்ள சிறியது ஒன்றும் உண்டு. குரோமோசோமின் சராசரியைக் கணக்கிடும்போது இவை கலந்துவிடக் கூடாது. அப்புறம், குரோமோசோம் வட்டமானது. கோப்பில் அது எங்கே வெட்டப்பட்டிருக்கிறது என்பது மனிதர்கள் எடுத்த முடிவு. ஒப்பிடப் போகும் எல்லா ஜீனோம்களையும் டிஎன்ஏஏ (dnaA) போன்ற ஒரே ஜீனிலிருந்து தொடங்குமாறு சுழற்றிக்கொண்டால், வெட்டுமுனையில் ஒரு தீவு இரண்டாகப் பிளந்து கிடக்கும் தொல்லை இருக்காது.

படி 2: எல்லா ஜீனோம்களுக்கும் ஒரே கருவியால் ஜீன் குறிப்பு

ஒரு ஜீனோமை 2001இல் ஒருவர் கையால் குறித்திருப்பார், இன்னொன்றை நேற்று ஒரு நிரல் குறித்திருக்கும். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் குறிப்பு வித்தியாசங்களெல்லாம் ஜீன் வித்தியாசங்களாகத் தெரியும். அதனால் எல்லாவற்றையும் பக்டா அல்லது ப்ரொக்கா கொண்டு புதிதாகக் குறியுங்கள். பக்டாவின் முழுத் தரவுத்தளம் மிகப் பெரியது, பழகுவதற்கு அதன் சிறிய பதிப்பு போதும். டி-ஆர்என்ஏ (புரதம் கட்ட அமினோ அமிலங்களைக் கொண்டுவரும் சிறு ஆர்என்ஏ), அதை ஒத்த டிஎம்-ஆர்என்ஏ ஜீன்கள் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். நான்காம் படியில் அவைதான் நமக்கு வழிகாட்டி.

படி 3: எழுத்து அமைப்பைக் கையால் கணக்கிடுவது

தயார்நிலைக் கருவிக்குப் போகும் முன் இதை ஒருமுறையாவது நீங்களே செய்யுங்கள். பிறகு எந்தக் கருவி எதைச் சொன்னாலும், ஏன் சொல்கிறது என்று புரியும்.

ஒவ்வொரு பாக்டீரியாவிலும் ஜி, சி எழுத்துகளின் பங்கு ஏறக்குறைய ஒரு நிலையான அளவில் இருக்கும். ஈ.கோலையில் அது ஏறத்தாழ 50.5 சதவீதம். வேறு இனத்திலிருந்து வந்த துண்டு தன் பழைய வீட்டின் விகிதத்தைக் கொஞ்ச காலத்துக்குச் சுமந்துகொண்டே இருக்கும். எனவே 10,000 எழுத்து நீளமுள்ள ஒரு சாளரத்தை எடுத்து, அதை 1,000 எழுத்தாக நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் ஜிசி விகிதத்தைக் கணக்கிட்டு வரைபடமாக்குங்கள். சராசரியைவிட இடைநிலை அளவை மையமாக வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் சகாய் போல வெளிச்சரக்கு நிறைந்த ஜீனோமில் அந்தச் சரக்கே சராசரியை இழுத்துவிடும். மையத்திலிருந்து திட்டவிலக்கத்தைப் போல இரண்டு மடங்குக்கும் கீழே இறங்கும் இடங்களைக் குறித்துவையுங்கள்.

சகாய் வரைபடத்தில் ஆழமான பள்ளங்களில் ஒன்று எல்ஈஈ என்ற தீவில் விழும். குடல் செல்களைப் பற்றிக்கொண்டு அவற்றின் மேற்பரப்பைச் சிதைப்பதற்கான முழு ஏற்பாடும் அதில்தான் இருக்கிறது. அங்கே ஜிசி சுமார் 40 சதவீதம்தான்.

தீவுகளில் பெரும்பாலும் ஏ, டி மிகுதியாக இருப்பது ஏன் என்று புதியவர்கள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். பேஜ்களும் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள்) பிளாஸ்மிட்களும் பொதுவாகவே ஏடி மிகுந்தவை என்பது ஒரு காரணம். இன்னொன்று எச்-என்எஸ் என்ற புரதம். ஏடி மிகுந்த டிஎன்ஏவைக் கண்டால் அது போய் ஒட்டிக்கொண்டு அங்குள்ள ஜீன்களை அடக்கிவைக்கும். அதனால் வெளியிலிருந்து அப்படி ஒரு துண்டு வந்தாலும் செல்லுக்கு உடனே கெடுதல் இல்லை. துண்டு தங்கிவிடுகிறது. எல்ஈஈயும் இப்படி அடக்கப்பட்டுத்தான் கிடக்கிறது. அதன் முதல் ஜீனான லெர் உருவாக்கும் புரதம் எச்-என்எஸ்ஸின் பிடியைத் தளர்த்தி மற்றவற்றை எழுப்பிவிடுகிறது. வெறும் சதவீதக் கணக்கு என்று நினைத்துத் தொடங்கும் வேலை, செல்லுக்குள் யாரை யார் அடக்குகிறார்கள் என்ற கதையில் கொண்டுபோய் விடுவது எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயம்.

ஜிசி விகிதம் மிகவும் முரட்டுத்தனமான அளவுகோல். இரண்டு ஜீனோம்கள் வேறு வேறாக இருந்தும் ஜிசி மட்டும் ஒன்றாக இருக்கலாம். அதனால் அடுத்ததாக இரட்டை எழுத்துகளைப் பாருங்கள். ஏஏ, ஏடி, ஏஜி என 16 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் உண்மையில் எவ்வளவு வருகிறது என்பதை, தனி எழுத்துகளின் பங்குகளைப் பெருக்கினால் வரவேண்டிய அளவால் வகுங்கள். இரண்டு இழைகளையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இந்த 16 எண்களும் சேர்ந்தது அந்த ஜீனோமின் கையொப்பம் என்று சாமுவேல் கார்லின் காட்டினார். சாளரத்தின் 16 எண்களுக்கும் முழு ஜீனோமின் 16 எண்களுக்கும் உள்ள வித்தியாசங்களின் சராசரி எங்கே கூடுகிறதோ, அந்த இடம் சந்தேகத்துக்குரியது. நான்கெழுத்துச் சேர்க்கைகளையும் பயன்படுத்தலாம். ஆனால் அவை 256. 5,000 எழுத்துச் சாளரத்தில் ஒவ்வொன்றும் சராசரியாக 20 தடவைதான் வரும், கணக்கு குலுங்கும். நான்கெழுத்துக்குப் போனால் சாளரத்தைப் பெரிதாக்குங்கள்.

இனி இந்தச் சாட்சி எங்கெல்லாம் பொய் சொல்லும் என்பதைப் பார்க்க வேண்டும்.

ரைபோசோம் ஆர்என்ஏ ஜீன்களும் ரைபோசோமின் புரத ஜீன்களும் எப்போதும் விலகித் தெரியும். முதலாவதன் அமைப்பே வேறு, இரண்டாவது மிக அதிகமாக வேலை செய்வதால் கோடான்களை (அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சேர்க்கைகளை) தேர்ந்தெடுத்துப் பயன்படுத்துகிறது. இரண்டும் சொந்தச் சொத்துதான். கே-12இல் ரைபோசோம் ஆர்என்ஏ தொகுதிகள் ஏழு உள்ளன, அவற்றின் இடங்களை முதலிலேயே பட்டியலிட்டு விலக்கிவிடுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறுதான் இன்னும் முக்கியமானது. சகாய் திரிபின் மிக ஆபத்தான ஜீன் ஷிகா நச்சு 2. அது எஸ்பி5 என்ற ப்ரோஃபேஜில் இருக்கிறது, நீளம் சுமார் 62 ஆயிரம் எழுத்துகள். அமெரிக்க ஓ157 திரிபில் அதற்கு இணையான 933டபிள்யூ பேஜின் ஜிசி 49 சதவீதத்துக்கு மேல். ஈ.கோலையோடு நெடுங்காலம் வாழ்ந்த வைரஸ் என்பதால் அதன் எழுத்தமைப்பும் ஈ.கோலையைப் போலவே இருக்கிறது. உங்கள் ஜிசி வரைபடம் இந்த இடத்தைக் கிட்டத்தட்டத் தட்டையாகக் காட்டும். அந்த வரைபடத்தை மட்டும் நம்பினால், நோயாளியின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும் ஜீன் உங்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

காலமும் ஒரு எதிரி. ஒட்டுப்போட்ட துணி துவைக்கத் துவைக்கப் பழைய துணியின் நிறத்துக்கே வந்துவிடுவது போல, வந்த ஜீன்கள் புதிய வீட்டின் மாற்றப் போக்குக்கு ஆளாகி மெல்ல மெல்ல அதன் விகிதத்துக்கு வந்துவிடும். லாரன்ஸும் ஆக்மனும் 1998இல் இந்தப் போக்கைக் கணக்கில் எடுத்துக்கொண்டே, கே-12இன் 4,288 ஜீன்களில் 755 வெளியிலிருந்து வந்தவை என்று மதிப்பிட்டார்கள். எழுத்தமைப்பு சமீபத்தில் வந்தவற்றையே நன்றாகக் காட்டும். பழையவற்றுக்கு அது ஊமைச் சாட்சி.

படி 4: அடையாள ஜீன்களைத் தேடுவது

தீவுகள் கண்ட இடத்தில் உட்காருவதில்லை. டி-ஆர்என்ஏ ஜீன்களின் பின்முனை அவற்றுக்கு மிகவும் பிடித்த இடம். அந்தத் துண்டு எல்லா உறவினங்களிலும் ஒரே மாதிரி இருப்பதால், அதையே இலக்காக வைத்துக்கொண்ட நுழைவு நொதி எங்கே போனாலும் வேலை செய்யும். உள்ளே நுழையும் தீவு அந்த முனையின் நகல் ஒன்றைத் தானே கொண்டுவரும். டி-ஆர்என்ஏ கெடாது. தீவின் மறுகோடியில் அதே வரிசை இன்னொரு தடவை நிற்கும்.

இதைத் தேடுவது எளிது. ஜீனோமில் உள்ள ஒவ்வொரு டி-ஆர்என்ஏவின் கடைசி 20 எழுத்துகளை எடுங்கள். டிஎம்-ஆர்என்ஏவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் 2 லட்சம் எழுத்துத் தொலைவுக்குள் அதே வரிசை மறுபடி வருகிறதா என்று பாருங்கள். 16 எழுத்தாவது ஒத்துப்போனால் குறித்துவையுங்கள். பிறகு இடையில் இன்டெக்ரேஸ், அதாவது அந்த நுழைவு நொதியின் ஜீன் இருக்கிறதா என்று பாருங்கள், அது வழக்கமாக டி-ஆர்என்ஏவை ஒட்டியே இருக்கும். குறிப்பில் அந்தப் பெயர் இல்லாவிட்டாலும், எச்எம்எம்இஆர் கொண்டு பிஃபாம் தரவுத்தளத்தின் பிஎஃப்00589 குடும்பத்தைத் தேடினால் அகப்பட்டுவிடும். டிஎன்ஏ துண்டுகளை இடம்மாற்றும் நொதிகளான ட்ரான்ஸ்போசேஸ்களும் உதவும், ஆனால் அவை ஜீனோம் முழுக்கச் சிதறிக் கிடப்பதால் தனிச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எல்ஈஈக்கு வருவோம். அது செல்-சி என்ற செலினோசிஸ்டீன் டி-ஆர்என்ஏவை அடுத்து இருக்கிறது. சுவாரசியம் என்னவென்றால், ஹாக்கர் குழு ஆராய்ந்த சிறுநீர்த் தொற்றுத் திரிபு 536இலும் அதே செல்-சியில் ஒரு தீவு உட்கார்ந்திருக்கிறது. உள்ளடக்கம் முற்றிலும் வேறு. ஒரே வாசல், இரண்டு வேறு குடிகள். அதனால் ஒரு திரிபில் ஏதாவது டி-ஆர்என்ஏவில் தீவு கண்டால், உறவுத் திரிபுகளிலும் அதே டி-ஆர்என்ஏவைத் தவறாமல் போய்ப் பாருங்கள்.

டி-ஆர்என்ஏ இல்லாத இடங்களும் உண்டு. நச்சு சுமக்கும் எஸ்பி5 டபிள்யூஆர்பிஏ என்ற சாதாரணப் புரத ஜீனுக்குள் நுழைந்திருக்கிறது. 1992இல் சென்னையில் புதிதாகத் தலைகாட்டிய ஓ139 காலரா நுண்ணுயிரின் எம்ஓ10 திரிபில், சல்ஃபமெத்தாக்சசோல், ட்ரைமெத்தோப்ரிம் உள்ளிட்ட மருந்துகளுக்கு எதிர்ப்பு தரும் எஸ்எக்ஸ்டி என்ற ஒரு லட்சம் எழுத்துத் துண்டு பிஆர்எஃப்சி ஜீனில் உட்கார்ந்திருக்கிறது. அது தானாகவே வெளியேறி, இன்னொரு செல்லுக்குள் போய்ச் சேரக்கூடியது.

படி 5: உறவினர்களோடு ஒப்பிடுவது

எனக்கு மிகவும் நம்பிக்கையான சாட்சி இது. சகாயையும் கே-12ஐயும் ப்ரோகிரெசிவ்மாவ் (சுருக்கமாக மாவ்) என்ற நிரல் கொண்டு ஒன்றோடொன்று பொருத்தி அடுக்குங்கள். ஒத்த பகுதிகள் வண்ணக் கட்டங்களாகத் தெரியும், இடையில் ஒரு ஜீனோமில் மட்டும் உள்ள பகுதிகள் வெற்றிடமாகத் தெரியும். 8,000 எழுத்துக்கு மேலுள்ள வெற்றிடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டையாகத் தெரிந்த எஸ்பி5 இங்கே பளிச்சென்று வெளிப்படும். கே-12இல் டபிள்யூஆர்பிஏ ஜீன் உடையாமல் முழுதாக இருக்கும், சகாயில் அது இரண்டாகப் பிளந்து நடுவில் 62 ஆயிரம் எழுத்துகள் நிற்கும்.

கே-12 பக்கத்திலும் வெற்றிடங்கள் தெரியும். ஆய்வகத் திரிபு என்பதால் அதைத் தூய்மையான மூலம் என்று எண்ணிவிடக் கூடாது. கே-12இலும் செயலிழந்த ப்ரோஃபேஜ்கள் ஒன்பது இருக்கின்றன.

யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. ஓ157:எச்7க்கு மிக நெருங்கிய உறவு ஓ55:எச்7. சகாயை அதனோடு மட்டும் ஒப்பிட்டால் எல்ஈஈ வித்தியாசமாகவே தெரியாது, ஏனென்றால் ஓ55இலும் அது இருக்கிறது. தீவு அவ்விரண்டும் பிரியும் முன்பே வந்துவிட்டது. அதே சமயம் சால்மொனெல்லா அளவுக்குத் தூரத்து உறவோடு மட்டும் ஒப்பிட்டால் எல்லாமே சிதறி, எது தீவு என்று சொல்ல முடியாமல் போகும். எனவே படிப்படியாகத் தூரம் கூடுமாறு நான்கைந்து ஜீனோம்களை எடுங்கள். சகாய், ஓ55:எச்7, கே-12, வேறு கிளையிலிருந்து இன்னொரு ஈ.கோலை, கடைசியாக ஒரு வெளியாள். எஸ்செரிச்சியா ஃபெர்குசோனை இதற்குப் பொருத்தமாக இருக்கும். நெருக்கத்தை ஃபாஸ்ட்ஏஎன்ஐ கொண்டு முதலிலேயே அளந்து பாருங்கள். எந்தத் தீவு எந்தக் கிளையில் வந்தது என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

வெளியாள் ஏன் தேவை என்றால், ஒரு ஜீனோமில் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை என்பது மட்டும் வரவுக்கு ஆதாரமாகாது. அது இழப்பாகவும் இருக்கலாம். ஈ.கோலையின் நெருங்கிய உறவான, சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லாவையும் கே-12ஐயும் மட்டும் ஒப்பிட்டால், லைசின் டீகார்பாக்சிலேஸ் உருவாக்கும் கேட்-ஏ பகுதி கே-12க்குப் புதிதாக வந்தது போலத் தெரியும். உண்மை தலைகீழ். ஈ.கோலைகளில் பரவலாக உள்ள அந்த ஜீனை ஷிகெல்லாதான் இழந்தது. அதன் வேலையால் உண்டாகும் கேடவெரின் ஷிகெல்லாவின் நச்சுத்தன்மையைக் குறைப்பதால், அதை இழந்தவை பிழைத்தன. மூன்றாவது, நான்காவது ஜீனோம் இல்லாமல் வரவையும் இழப்பையும் பிரிக்க முடியாது.

இன்னொரு வகையை மாவ் வரைபடத்தில் கவனமாகப் பாருங்கள். கால்எஃப், ஜிஎன்டி என்ற இரு ஜீன்களுக்கு நடுவே உள்ள இடத்தில் இரண்டு திரிபுகளிலும் ஜீன்கள் இருக்கும், ஆனால் வேறு வேறு. அதுதான் ஓ ஆன்டிஜெனை (செல்லின் மேற்பரப்பில் உள்ள சர்க்கரைச் சங்கிலியை) உருவாக்கும் தொகுதி, திரிபின் பெயரில் உள்ள 157 என்ற எண் இதிலிருந்துதான் வருகிறது. ஜிசியும் மிகக் குறைவு. இன்டெக்ரேஸ் இருக்காது, டி-ஆர்என்ஏ இருக்காது, ஓரங்களில் திரும்பும் வரிசையும் இருக்காது. இருபக்கமும் உள்ள பொது ஜீன்கள் ஒத்துப்போவதால், நடுப்பகுதி அப்படியே இடம் மாற்றிக்கொள்ளப்பட்டிருக்கிறது. ஓ139 காலராவும் இப்படித்தான் பிறந்தது. ஓ1 எல் டோர் வகை ஒன்று தன் ஓ ஆன்டிஜென் தொகுதியைப் பறிகொடுத்து வேறொன்றைப் பெற்றது. பழைய காலராவுக்கு எதிரான பாதுகாப்பு உடம்பில் இருந்தவர்களையும் அது தாக்கியது. அடையாள ஜீன் இல்லை என்பதற்காக இப்படிப்பட்ட இடங்களைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

பத்துக்கும் மேற்பட்ட ஜீனோம்கள் இருந்தால் மாவ் திணறும். அப்போது பனாரூ அல்லது பிபாங்கோலின் கொண்டு மொத்த ஜீன் தொகையை உருவாக்குங்கள். பிபாங்கோலினோடு வரும் பான்ஆர்ஜிபி, மாறும் பகுதிகளையும் அவை திரும்பத் திரும்ப உட்காரும் இடங்களையும் பட்டியலிட்டுத் தரும்.

படி 6: தயார்நிலைக் கருவிகள்

இப்போது ஐலண்ட்வியூவர் 4இல் உங்கள் ஜென்பேங்க் கோப்பைக் கொடுங்கள். கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் ஃபியோனா பிரிங்க்மன் குழு உருவாக்கியது. பல முறைகளை ஒரே வட்ட வரைபடத்தில் காட்டும். ஐலண்ட்பாத்-டிமோப் இரட்டை எழுத்து விலகலும் நகர்வு ஜீனும் சேர்ந்து வரும் இடங்களைத் தேடும். சிகி-எச்எம்எம் கோடான் பயன்பாட்டைப் பார்க்கும். ஐலண்ட்பிக் ஒப்பீட்டு முறை. ஐலண்டர் டி-ஆர்என்ஏ தடத்தைப் பின்பற்றும். மேலே நீங்கள் கையால் செய்தவற்றின் வகைகள்தான் இவை அனைத்தும்.

டிமோப், சிகி இரண்டும் சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும், ஆனால் நிறைய விட்டுவிடும். ஏலியன் ஹன்டர் அதற்கு நேரெதிர், நிறையப் பிடிக்கும், தவறாகவும் பிடிக்கும். ப்ரோஃபேஜ்களுக்கு ஃபாஸ்டெஸ்ட் அல்லது ஜீநோமாட், தாமே இடம்மாறும் துண்டுகளுக்கு ஐஸ்ஃபைண்டர். ஒவ்வொன்றும் தரும் எல்லைகள் ஆயிரக்கணக்கான எழுத்துகள் முன்னும் பின்னுமாக இருக்கும். அவற்றை அப்படியே அட்டவணையில் போடாதீர்கள்.

படி 7: எல்லைகளை நிர்ணயித்தல், சாட்சி அட்டவணை

எல்லையை முடிவு செய்ய மிக நம்பகமான வழி, தீவு இல்லாத உறவினரின் வரிசையைப் பார்ப்பது. கே-12இல் செல்-சியின் இருபுறமும் உள்ள ஜீன்கள் எவை என்று பாருங்கள். சகாயில் அந்த இரண்டும் எங்கே போய் நிற்கின்றன என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவே புதிதாக வந்ததுதான் தீவு. பிறகு திரும்பும் வரிசை கிடைத்தால் எல்லையை எழுத்துச் சுத்தமாகச் சரிசெய்யலாம்.

உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட வரவுகள் இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள். ஓ157இன் எல்ஈஈ சுமார் 43 ஆயிரம் எழுத்து நீளம். அதில் உள்ள 54 ஜீன்களில் 13 ஜீன்கள் 933எல் என்ற ப்ரோஃபேஜுக்குச் சொந்தம். குழந்தைகளுக்குக் கழிச்சல் உண்டாக்கும் ஈபிஇசி வகையின் இ2348/69 திரிபில் அந்த ப்ரோஃபேஜ் கிடையாது, தீவின் நீளமும் 35 ஆயிரம்தான். எழுத்தமைப்பு வரைபடத்தை 1,000 எழுத்துச் சாளரத்தோடு அந்தப் பகுதிக்கு மட்டும் மறுபடி வரைந்து பாருங்கள், உள்ளே அளவு மாறும் இடங்களைத் தேடலாம்.

ஒவ்வொரு வேட்பாளர் பகுதிக்கும் அட்டவணையில் ஒரு வரிசை ஒதுக்குங்கள். தொடக்கம், முடிவு, ஜிசி, இரட்டை எழுத்து விலகல், அருகிலுள்ள டி-ஆர்என்ஏ, இன்டெக்ரேஸ் உண்டா, திரும்பும் வரிசை உண்டா, எந்தெந்த ஜீனோம்களில் உள்ளது, எவற்றில் இல்லை, வரவா இழப்பா, எந்தக் கருவிகள் ஆமோதித்தன. கருவிகளின் எண்ணிக்கையைச் சாட்சிகளின் எண்ணிக்கையாகக் கருதாதீர்கள். எழுத்தமைப்பைப் பார்க்கும் மூன்று கருவிகள் ஒன்றையே சொன்னாலும் அது ஒரு சாட்சிதான்.

படி 8: உள்ளே என்ன இருக்கிறது

நோயுண்டாக்கும் ஜீன்களுக்கு விஎஃப்டிபி, மருந்து எதிர்ப்புக்கு ஏஎம்ஆர்ஃபைண்டர்ப்ளஸ் அல்லது கார்டு தரவுத்தளம். மூலம் எது என்று அறிய ஜீன்களைப் பிளாஸ்ட் என்ற வரிசைத் தேடல் கருவியில் தேடலாம். ஆனால் முதலில் வரும் பொருத்தமே கொடையாளி என்று எழுதிவிடக் கூடாது. தரவுத்தளத்தில் இருப்பவற்றில் நெருக்கமானது அது, அவ்வளவுதான். கொடையாளி பற்றிப் பேச வேண்டுமானால் ஜீனின் மரத்தை வரைந்து, இனங்களின் மரத்தோடு முரண்படுகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

ஜீன் இருப்பதால் வேலை செய்கிறது என்றும் எழுத வேண்டாம். 1997இல் இ2348/69 திரிபின் எல்ஈஈயை அப்படியே எடுத்துக் கே-12க்குள் வைத்தபோது, பாதிப்பில்லாத கே-12 குடல் செல்களைச் சிதைக்கத் தொடங்கியது. 1999இல் ஓ157இன் எல்ஈஈயைக் கொண்டு அதையே செய்து பார்த்தபோது சிதைவு நடக்கவில்லை. பெயரும் ஜீன்களும் ஒன்றுதான், தீவுக்கு வெளியிலிருந்து வரவேண்டிய துணை வேறு. கணினி தருவது ஒரு கருதுகோள், அதைச் சோதிக்க வேண்டியது ஆய்வகத்தில்.

அடுத்த பயிற்சி

சகாயை முடித்ததும் காலராவை எடுத்துக்கொள்ளுங்கள். என்16961 திரிபின் ஜீனோம் 2000இல் வெளியானது. அதற்கு இரண்டு குரோமோசோம்கள், இடைநிலை அளவுகளைத் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். முதல் குரோமோசோமில் டிஎம்-ஆர்என்ஏவை ஒட்டி 40 ஆயிரம் எழுத்து நீளத்தில், 35 சதவீத ஜிசியோடு ஒரு தீவு கிடைக்க வேண்டும், காலரா நுண்ணுயிர் குடலைப் பற்றிக்கொள்ள உதவும் பிலஸ் என்ற மயிரிழைக்கான ஜீன்கள் அங்கேதான் இருக்கின்றன. இரண்டாவது குரோமோசோமில் ஒன்றேகால் லட்சம் எழுத்து நீளத்துக்கு ஜிசி தாழ்ந்து கிடக்கும், அது சூப்பர்இன்டெக்ரான், அதாவது வெளி ஜீன்களை வரிசையாகச் சேர்த்துவைக்கும் பகுதி, அதற்கு டி-ஆர்என்ஏ தடம் தேடாதீர்கள். பிறகு எஸ்எக்ஸ்டியின் வரிசையை ஜென்பேங்கிலிருந்து இறக்கி, என்16961இன் பிஆர்எஃப்சி ஜீனோடு வைத்துப் பாருங்கள். இந்தத் திரிபில் அந்த ஜீன் உடையாமல் இருக்கும். எஸ்எக்ஸ்டி நுழைந்தால் எந்த எழுத்தில் நுழையும் என்பதை நீங்களே குறித்துவிட்டு, எம்ஓ10இன் வரிசையோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள்.